சூடு ஆறாத புதுசு

சிங்கப்பூரில் ஒரு பொருளை விற்க நினைக்கிறவர் 'நியூ' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதே இல்லை. 'பிராண்ட் நியூ' என்பார். கார் விற்பவர், அறை வாடகைக்கு விடுபவர், வீட்டில் சும்மா கிடக்கும் குழந்தை வண்டியை இணையத்தில் போடுபவர், எல்லாருக்கும் இந்த ஜோடிச் சொல் வேண்டும். தமிழில் பேசும்போதும் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டோம். "பிராண்ட் நியூ பிரிட்ஜ் அண்ணே, பெட்டிகூடப் பிரிக்கல" என்று சொன்னால் புரியாத சிங்கப்பூர்த் தமிழர் கிடையாது.

நியூ சரி. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பிராண்டுக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை, என் அக்கா மகள். பிடிஓ எனப்படும், பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கிடைத்து, பால் காய்ச்சப் பாத்திரம் வாங்க லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வந்திருந்தாள். கடைக்காரர் ஒரு பித்தளைப் பானையை இறக்கி வைத்து, "பிராண்ட் நியூ ஸ்டாக்மா, நேத்துதான் வந்துச்சு" என்றார். அவள் பானையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். "மாமா, இதுல எந்தப் பிராண்டுமே போடலியே. அப்புறம் எப்படி பிராண்ட் நியூ?" கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவள் நினைத்ததுபோலத்தான் பலரும் நினைக்கிறார்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும்கூட. பிராண்ட் என்றால் கம்பெனிப் பெயர்; அந்த முத்திரை ஒட்டியபடி, லேபிள் கிழிக்காமல் இருக்கிற புதுசுதான் பிராண்ட் நியூ என்று.

காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்காது. பிராண்ட் நியூ என்ற கூட்டுச்சொல் 1570 வாக்கிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஜான் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலச் சமயப் போதகரின் பிரசங்கம் ஒன்றில், இறைவன் அருளால் உடலும் மனமும் மற்ற எல்லாமும் புதிதாகிவிடும், பிராண்ட் நியூ ஆகிவிடும் என்ற பொருளில் அது வருகிறது. கம்பெனி அடையாளம் என்ற பொருளில் பிராண்ட் புழங்கத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டில். கம்பெனிப் பெயரிலிருந்து பிராண்ட் நியூ பிறந்தது என்பது, பேரன் பெயரைத்தான் தாத்தாவுக்கு வைத்தார்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

பழைய ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் நெருப்பு. எரிகிற விறகுக்கட்டை, கொள்ளி, தீப்பந்தம் எல்லாமே பிராண்ட்தான். இன்றைக்கும் ஜெர்மனில் தீ விபத்துக்குப் பெயர் பிராண்ட். டச்சுக்காரர்களின் தீயணைப்புப் படை 'பிராண்ட்வேர்'. ஊரைத் தூண்டிவிடும் ஆளை ஆங்கிலத்தில் 'ஃபயர்பிராண்ட்' என்கிறார்களே, அதுவும் கொள்ளிக்கட்டையே. பழைய ஆங்கிலக் கவிதைகளில் வாளுக்கும் பிராண்ட் என்றொரு பெயர் உண்டு, பளபளத்ததாலோ என்னவோ. பிராந்திக்கும் இதே வேர். டச்சில் 'பிராண்டவைன்', அதாவது எரித்த மது, காய்ச்சி வடித்த மது. அதைத்தான் ஆங்கிலேயர் பிராண்டி என்று சுருக்கினார்கள். தமிழுக்கு வந்தபோது அது 'பிராந்தி' ஆனது. நமக்கோ அதற்கு முன்பே வடமொழி வழியாக வந்த ஒரு பிராந்தி இருந்தது. அதற்குப் பொருள் மயக்கம். இவ்வளவு பொருத்தமான விபத்து மொழிகளில் அடிக்கடி நடப்பதில்லை.

நெருப்பிலிருந்து பிராண்ட் எப்படிக் கம்பெனிப் பெயராகியது என்பதைத் தமிழருக்கு விளக்குவது மிகச் சுலபம். ஒரே சொல் போதும்: சூடு. நெருப்பின் வெப்பமும் சூடு. காய்ச்சிய கம்பியால் மாட்டின் மேல் போடுவதும் சூடு. 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்ற பழமொழியில் வருவது இரண்டாவது சூடு. ஆங்கிலப் பிராண்டும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. முதலில் எரியும் கட்டை. பிறகு காய்ச்சிய இரும்பால் மாட்டுத்தோலிலும் குற்றவாளியின் உடம்பிலும் போட்ட தழும்பு. பிறகு மதுப் பீப்பாயிலும் மரத்திலும் சுட்டு வைத்த அடையாளம். கடைசியில், எந்த நெருப்பும் இல்லாமல் அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெயர். இன்று பெரிய நிறுவனங்களில் 'பிராண்ட் மேனேஜர்' என்று ஒருவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பதவியின் மூதாதை மாட்டுத்தொழுவத்தில் கம்பி காய்ச்சிக்கொண்டிருந்தவர். தேக்காவில் பஃபலோ ரோட்டிலும் கெர்பாவ் ரோட்டிலும் நடக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப்பட்டி. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரம் கொழித்த இடம் அது. இன்று அந்தப் பெயரில் மிஞ்சியிருப்பது கே.கே. மருத்துவமனையின் இரண்டு எழுத்து. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் உலகுக்குப் பிராண்ட் நியூவாக வந்து இறங்கிய இடம்.

ஆக, பிராண்ட் நேம் என்பதில் இருப்பது தழும்புச் சூடு. பிராண்ட் நியூ என்பதில் இருப்பது நெருப்புச் சூடு. உலையிலிருந்து இப்போதுதான் எடுத்தது, இன்னும் ஆறவில்லை, அவ்வளவு புதிது.

ஷேக்ஸ்பியர் இதை இன்னும் வெளிப்படையாகவே சொன்னார். அவர் கையாண்ட சொல் 'ஃபயர் நியூ'. மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில் கிழட்டு ராணி மார்கரெட், நேற்றுப் பட்டம் வாங்கிய ஒரு பிரபுவைப் பார்த்து, உன் கௌரவத்தில் குத்திய முத்திரை நெருப்புச் சூடு மாறாத புதுசு, கடைத்தெருவில் இன்னும் செல்லுபடிகூட ஆகவில்லை என்ற பாணியில் குத்திக்காட்டுகிறாள். அங்கே பேச்சு நாணயத்தைப் பற்றியது. இன்னொரு நாடகத்தில், நாணயச் சாலையிலிருந்து சுடச்சுட வந்த நகைச்சுவைத் துணுக்குகள் என்று ஒருவன் சொல்கிறான். வேறொன்றில் ஒரு பகட்டுக்காரனை 'ஃபயர் நியூ' சொற்களை வைத்திருக்கும் ஆள் என்கிறார்கள். சொல்லையும் அடித்து வார்க்கும் பொருளாகவே அந்தக் காலத்து ஆட்கள் பார்த்திருக்கிறார்கள்.

தொழிற்சாலை வராத உலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இதன் நியாயம் தெரியும். ஆணி, லாடம், கத்தி, கலப்பைக் கொழு, பூட்டு, நாணயம், பானை என்று மனிதன் காசு கொடுத்து வாங்கியவற்றில் பெரும்பகுதி நெருப்பிலிருந்துதான் வந்தது. வாங்குகிறவன் பட்டறை வாசலிலேயே நிற்பான். அவன் கண் முன்னாலேயே பொருள் சிவந்து, அடிவாங்கி, தண்ணீரில் சீறி, கைக்கு வரும். ஒரு பொருளின் பிறந்த நேரம் அவனுக்குத் தெரியும். தொட்டுப் பார்த்தே அதன் வயதைச் சொல்லலாம். பெட்டி கிடையாது, பிளாஸ்டிக் உறை கிடையாது.

நடுவில் ஒரு தவிட்டுக் கதை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல் பழைய புத்தகங்களில் சில நேரம் 'பிரான் நியூ' என்று இருக்கும். பிரான் என்றால் ஆங்கிலத்தில் தவிடு. உடனே ஒரு விளக்கம் கிளம்பியது: அந்தக் காலத்தில் பீங்கான் சாமான்களை உடையாமல் தவிட்டுக்குள் புதைத்து அனுப்புவார்களாம், தவிடு ஒட்டியபடி வெளியே எடுப்பதுதான் பிரான் நியூவாம். கேட்க அழகாக இருக்கிறது. உண்மை அதைவிடச் சப்பையானது. வேகமாகப் பேசும்போது 'பிராண்ட்' என்பதன் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறது, அவ்வளவுதான். சாண்ட்விச், ஹாண்ட்கர்சீஃப் எல்லாவற்றிலும் ஆங்கிலேயரே அந்த எழுத்தை விழுங்குகிறார்கள். (நாம் ஹாண்டையே மொத்தமாக விழுங்கிவிட்டுக் கர்சீப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.) சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலமான சிங்கிலீஷ் பேசுகிறவர்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கோப்பிக்கடையில் யாரும் அந்தக் கடைசி எழுத்தைச் சிரத்தையாக உச்சரிப்பதில்லை. "பிரான் நியூ லா!" பள்ளியில் இதற்குத் திருத்து விழும். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ் இப்படித்தான் எழுதினார்.

1864 முதல் 1865 வரை தொடராக வந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலில் வெனீரிங் என்றொரு புதுப்பணக்காரத் தம்பதி வருகிறார்கள். வெனீர் என்பது மலிவு மரத்தின்மேல் ஒட்டும் மெல்லிய உயர்ரக மரத்தகடு. பெயரிலேயே டிக்கன்ஸ் வேலையைக் காட்டிவிட்டார். லண்டனின் பிரான் நியூ பகுதியில், பிரான் நியூ வீட்டில் வாழும் பிரான் நியூ மனிதர்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்துகிறார். மேசை நாற்காலி புதுசு, வேலையாட்கள் புதுசு, நண்பர்கள் புதுசு, குதிரை புதுசு, குழந்தைகூடப் புதுசு. கௌரவத்துக்கு ஒரு கொள்ளுத்தாத்தா வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால், அவரும் பாயில் சுற்றப்பட்டு, ஒரு கீறலும் இல்லாமல், உச்சந்தலைவரை மெருகேற்றித்தான் வந்து இறங்கியிருப்பார் என்று கிண்டல் செய்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நெருப்புச் சூட்டிலிருந்து புறப்பட்ட சொல், பாயில் சுற்றி வரும் சரக்காக மாறுகிற இடத்தை டிக்கன்ஸ் பிடித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே பத்தியில் அவர் இன்னொரு சொல்லையும் பயன்படுத்துகிறார்: 'ஸ்பிக் அண்ட் ஸ்பான் நியூ'. இது தச்சன் பக்கத்துச் சொல். பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்பான்' என்றால் மரச்சிராய். இப்போதுதான் செதுக்கி விழுந்த சிராய்போலப் புதிது என்பது பொருள். ஸ்பிக் என்பது ஆணி. சாமுவேல் பீப்ஸ் 1665ஆம் ஆண்டு நாட்குறிப்பில், சீமாட்டி ஒருத்தி ஸ்பிக் அண்ட் ஸ்பான் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு சகதிச் சந்தில் நடந்து, மேலுறைச் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, எரிச்சலோடு ஒன்று இல்லாமலேயே வீடு போய்ச் சேர்ந்த கதையை ரசித்து எழுதியிருக்கிறார். காலப்போக்கில் இந்தச் சொல்லிலிருந்து 'நியூ' உதிர்ந்துவிட்டது. இன்று ஸ்பிக் அண்ட் ஸ்பான் என்றால் சுத்தபத்தமாக இருப்பது மட்டும்தான். வீட்டுக்கு ஆய்வுக்கு வரும் வீட்டுக்காரருக்குப் பிடித்த சொல்.

ஐரோப்பாவைச் சுற்றி வந்தால் கொல்லன், தச்சன் என்ற இந்த இரண்டு தொழில்காரர்களும்தான் மாறி மாறி எதிர்ப்படுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் 'ஃப்ளாம்போன் நஃப்' என்பார், கொழுந்துவிட்டு எரியும் புதுசு. ஸ்பானியரின் 'ஃப்ளமாந்தே', இத்தாலியரின் 'ஃபியமாந்தே' இரண்டும் தீக்கொழுந்துதான். ஜெர்மனியருக்கு 'பிராண்ட்நாய்' உண்டு, அதோடு ஆணிப்புதுசு என்று பொருள்படும் 'நாகல்நாய்' ஒன்றும் உண்டு. டச்சுக்காரருக்கு ஆணியும் சிராயும் சேர்ந்து ஒரே சொல்லில் வரும். புதிது என்றால் என்ன என்று இவர்களிடம் கேட்டால், 'யாரும் தொடாதது' என்று பதில் வரவில்லை. 'இப்போதுதான் ஒருவர் செய்து முடித்தது' என்று வருகிறது.

தமிழில்? நாம் பேச்சில் அதிகம் பயன்படுத்துவது 'புத்தம் புது'. இது சொல்லையே இரட்டிக்கும் வித்தை. கன்னங்கரிய, தன்னந்தனி, பட்டப்பகல் என்று அழுத்தம் கூட்ட நமக்கு இருக்கும் பழைய வழி. இதில் பட்டறையும் இல்லை, உளியும் இல்லை. ஆனால் 'புதுக்கருக்கு' என்று ஒன்று இருக்கிறது. புதுக்கருக்கு அழியாத நகை, புதுக்கருக்கு மாறாத புத்தகம் என்று எழுதுவோம். கருக்கு என்றால் அரிவாளின் பல், பனைமட்டை ஓரத்து முள். கைபட்டுத் தேயாத கூர்மை. செய்தவன் விட்ட விளிம்பு இன்னும் மழுங்கவில்லை என்று சொல்லும் சொல். பிராண்ட் நியூவுக்குத் தமிழில் பக்கத்தில் உட்காரக்கூடியது இதுதான் என்பேன். 'மெருகு குலையாத' என்பதும் பத்தர் வீட்டிலிருந்து வந்த தொடர்தான்.

துணிக்கு மட்டும் நாம் தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம், கோடி. ஒருமுறைகூடத் தண்ணீர் காணாத புதுத்துணி. கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. இது நெய்தவன் பக்கத்திலிருந்து பார்க்காமல், உடுத்துகிறவன் பக்கத்திலிருந்து பார்க்கும் புதுமை. ரூபாய் நோட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். மொடமொடவென்று இருக்கும் புது நோட்டைச் 'சலவை நோட்டு' என்கிறோம். வெளுத்துக் கஞ்சி போட்டதுதான் அங்கே புதுசு! தீபாவளிக்கு முன்னால் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புது 2 வெள்ளி (டாலர்) நோட்டுக்காக வங்கியில் வரிசை நிற்கும் பெரியவர்கள் வாயில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. சிங்கப்பூரின் 2 வெள்ளி 2006இலேயே பிளாஸ்டிக் நோட்டாகிவிட்டது. அதற்குக் கஞ்சி போட்டாலும் ஒட்டாது.

நெருப்பை நாம் அடியோடு விட்டுவிடவும் இல்லை. சாப்பாட்டுக்கும் செய்திக்கும் வைத்துக்கொண்டோம். இட்லி சுடச்சுட வரும், சேதியும் சுடச்சுட வரும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சூடு போனால் புதுமை போயிற்று என்று இவ்வளவு கறாராக எந்த ஆங்கிலேயரும் சொன்னதில்லை. வீடு விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சாவியைக் கொடுத்து, குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, மின்சாரமும் வந்துவிட்டாலும், அடுப்பு மூட்டிப் பால் பொங்கும்வரை அது நமக்குப் புது வீடு இல்லை, காலி வீடு. எரிவாயு இணைப்பு வராத வீடுகளில் மின்சார அடுப்பில் வைத்துப் பால் காய்ச்சுகிறார்கள். தீ தெரியாவிட்டாலும் சூடு சூடுதானே.

சரி, இவ்வளவு சொன்னதற்குக் காரணம் வேறு. பிராண்ட் நியூ என்ற சொல் சிங்கப்பூரில் இன்று குறிப்பது அதன் பிறப்புக்கு நேர் எதிரான ஒன்றை. கேரசெல் செயலியைத் திறந்து பாருங்கள். 2012இல் இங்கேயே தொடங்கப்பட்டு, வீட்டுக்கு வீடு பழைய சாமான்களை ஊர்சுற்ற வைத்த செயலி. விற்கிறவர் பொருளின் நிலையை ஐந்து படிகளில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். மேல்படி பிராண்ட் நியூ. அடுத்தது புதுசு மாதிரி. அதற்கும் கீழே கொஞ்சம் பயன்படுத்தியது, நன்றாகப் பயன்படுத்தியது, மிக அதிகமாகப் பயன்படுத்தியது. மேல்படியில் இருப்பவர்கள் அதோடு திருப்தியடையாமல் 'பிஎன்ஐபி' என்று நான்கெழுத்து போடுவார்கள். பிராண்ட் நியூ, அதுவும் பெட்டிக்குள்ளே. மூன்று வருடத்துக்கு முன்பு அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்த மிக்ஸி, கல்யாணப் பரிசாக வந்து அலமாரிக்கு மேலே தூசி படிந்த சாப்பாட்டுத் தட்டு செட், எல்லாம் பிராண்ட் நியூ. பெட்டியின் ஒட்டுநாடா மஞ்சளடித்துப்போயிருக்கும். பிரிக்கவில்லையே, போதும்.

இங்கே புதுமையை அளப்பது செய்தவன் அல்ல, வாங்குபவன். எப்போது செய்தது என்று யாரும் கேட்பதில்லை. யாராவது தொட்டார்களா என்று கேட்கிறார்கள். சூட்டுக்குப் பதில் ஒட்டுநாடா. காரிலும் இதே கதைதான். 1990இல் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் வந்தபிறகு இங்கே காருக்குப் பிறந்த நாள் என்பது அது பதிவான நாள். 10 ஆண்டுக் கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும். தொழிற்சாலையை விட்டு எப்போது கிளம்பியது, கப்பலில் எத்தனை வாரம், கிடங்கில் எத்தனை மாதம், இவை யாருக்கும் பொருட்டில்லை. பத்து வருடத்தில், வேறு நாட்டில் பேரன் காலம்வரை ஓடக்கூடிய வண்டி, இங்கே புதுப்பிக்கலாமா கழிக்கலாமா என்ற கேள்விக்கு வந்துவிடும். வீட்டைப் பொறுத்தவரை அதிகாரிகள் நாசூக்கானவர்கள். பழைய வீடு என்றோ செகண்ட் ஹாண்ட் என்றோ யாரும் சொல்ல மாட்டார்கள். 'மறுவிற்பனை வீடு' என்பார்கள். வீட்டுக்கு வயதாகவில்லை, விற்பனைக்குத்தான் இரண்டாம் முறையாம்.

பெயரளவில் புதுசு என்றால் இந்தத் தீவில் எனக்குப் பிடித்தது தியோங் பாரு. பாரு என்றால் மலாயில் புதிது; முழுப் பெயரின் பொருள் புதிய இடுகாடு. 1936 முதல் அங்கே எழுந்த அடுக்குமாடிகள்தான் இன்று ஊரிலேயே பழமைக்குப் பேர்போனவை. ஆட்கள் அந்தப் பழமையைப் பார்க்கவே அங்கே காப்பி குடிக்கப் போகிறார்கள். புதுச்சேரிக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பெட்டிப்புதுசா, உலைப்புதுசா என்ற இந்த வழக்கைத் தமிழில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒருத்தி நடத்திவிட்டாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையாகத் திறந்து காட்டுகிறான். ஔவை பாராட்டுவதுபோலவே ஆரம்பிக்கிறார். ஆகா, இந்த வேல்களெல்லாம் மயில்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, எப்போதும் 'கொற்றுறைக் குற்றில' என்கிறார். கொல்லன் பட்டறையில், சின்னக் குடிசையில் கிடக்கின்றன என்று.

பள்ளியில் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். பிராண்ட் நியூவின் கதையைத் தெரிந்துகொண்டு படித்தால் இன்னொரு கதவும் திறக்கிறது. கேரசெல் கணக்குப்படி தொண்டைமானின் வேல்கள் பிஎன்ஐபி. அதியமானுடையவை 'மிக அதிகமாகப் பயன்படுத்தியது'. சொல்லின் பிறப்பை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படியே புரண்டுவிடும். மாளிகையில் இருப்பவை என்றோ ஆறிப்போன இரும்பு. பட்டறையில் கிடப்பவைதான் மறுபடி உலையில் விழுந்து, சிவந்து, புது முனையோடு வெளியே வரப்போகின்றன. நெருப்பு பட்டதே புதுசு என்றால், ஒரு பொருள் எத்தனை முறை வேண்டுமானாலும் பிராண்ட் நியூ ஆகலாம். பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு முறைதான். ஒட்டுநாடாவைக் கிழித்த நிமிடம் அதுவும் முடிந்தது.

இந்தக் கணக்கை என் அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். தம்பி மகளுக்குக் கொடுப்பதற்காக, தன் அம்மாவின் தேய்ந்துபோன வளையலை அழித்துச் செய்ய வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நகைக்கடைகளில் வழக்கமாகப் பழைய தங்கத்தை எடைபோட்டு வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வேறொரு புது நகையைக் கொடுத்துவிடுவார்கள். அம்மா அதற்குச் சம்மதிக்கவே இல்லை. "அதே தங்கம் வேணும், கலக்கக் கூடாது." கடைசியில் ஒரு பத்தரைப் பிடித்தோம். உருக்கும்போது அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பொன் உருக்கும் மண்கிண்ணமான குகையில் வளையல் முதலில் சாய்ந்து, பிறகு வடிவம் இழந்து, சிவப்பு முத்தாக உருண்டது. 'சுடச்சுடரும் பொன்' என்று வள்ளுவர் சொன்னதைக் கண்ணால் பார்த்த உற்சாகத்தில், "பார்த்தியாம்மா, இதுதான் நிஜமான பிராண்ட் நியூ" என்று ஆரம்பித்து பழைய ஆங்கிலம், ஷேக்ஸ்பியர் எல்லாம் கொஞ்சம் ஓட்டினேன்.

"என்னடா புதுசு? அது எங்கம்மா வளையல்" என்றார் அம்மா, கண்ணைக் குகையிலிருந்து எடுக்காமலே.

பத்தர் இருவர் பக்கமும் சாயவில்லை. வேலை முடிந்ததும் அவர் எழுதிக் கொடுத்த ரசீதில் 'புது வளையல் 1' என்று இருந்தது. தங்கத்தின் விலைக்கு நேரே கோடு போட்டு, செய்கூலி மட்டும் வாங்கிக்கொண்டார்.